கீழ்க்காற்றா, மேல்காற்றா? கோலாலம்பூர் வெயிலுக்கு ஏற்ற வேப் டேங்க்

கம்பிச் சுருளையும் பஞ்சையும் நாமே மாற்றிக்கொள்ளும் ஆர்.டி.ஏ. (RTA) வகை வேப் டேங்குகளில், காற்று எந்த வழியாக உள்ளே வருகிறது என்பதைப் பொறுத்து இரண்டு குடும்பங்கள் உள்ளன. கேஃபன் போன்றவற்றில் காற்றுத் துளை டேங்கின் அடியில் இருக்கிறது. கீக்வேப் ஸியூஸ் போன்றவற்றில் காற்று மேலிருந்து நுழைந்து, சுவருக்குள் ஓடும் பாதை வழியாகக் கீழே இறங்கிச் சுருளை அடைகிறது. முதல் வகையை நீண்ட நாள் வைத்திருந்துவிட்டு இரண்டாம் வகைக்கு மாறியவன் நான் என்பதால், இந்த அலசல் மேல்காற்றுப் பக்கம் சாய்ந்தே இருக்கும். புகைப்பழக்கம் இல்லாதவர்களுக்கு இதில் பயன் ஏதுமில்லை. அவர்கள் இதைத் தொடங்காமலிருப்பதே நல்லது.

சுவையில் கீழ்க்காற்றுக்கே முதலிடம். காற்று குறுகிய வழியில் வந்து சுருளின் அடிவயிற்றில் நேராக மோதுவதால் மணம் செறிவாக வருகிறது. கண்ணாடியின் கொள்ளளவு, தோற்றம் ஆகியவற்றில் இரண்டுக்கும் சொல்லிக்கொள்ளும்படியான வேறுபாடு இல்லை. ஆகவே ஒழுகலையும், சுருள் சூடாக்கி ஆவியாக்கும் திரவமான ஜூஸின் ஓட்டத்தையும் வைத்துத்தான் முடிவெடுக்க வேண்டியிருக்கிறது.

கவிழ்த்து வைத்த குடிநீர்க் கலன் கொட்டிவிடாமல் நிற்பதற்கும், டேங்கில் ஜூஸ் நிற்பதற்கும் காரணம் ஒன்றே. உள்ளே மேற்பகுதியில் தங்கியிருக்கும் காற்றின் அழுத்தம் வெளியழுத்தத்தைவிடச் சற்றுக் குறைவாக இருக்கும்வரை, பஞ்சு உறிஞ்சும் அளவு மட்டுமே ஜூஸ் இறங்கும். இந்தச் சமநிலையை நம் ஊர்த் தட்பவெப்பம் ஒரு நாளில் பலமுறை குலைக்கிறது. 22 பாகை குளிரூட்டிய அலுவலகத்திலிருந்தோ எல்.ஆர்.டி. பெட்டியிலிருந்தோ வெளியே வந்து, வெயிலில் நிறுத்திய காரில் டேங்கை வைத்துவிட்டுப் போனால் அது எளிதில் 42 பாகையைத் தொடும். அந்த 20 பாகை ஏற்றத்தில் உள்ளிருக்கும் காற்று ஏறக்குறைய 7 விழுக்காடு விரிகிறது. முக்கால் பங்கு காலியான 4 மில்லி டேங்கில் 3 மில்லி காற்று இருக்குமென்றால், 0.2 மில்லி ஜூஸ் வெளியே தள்ளப்படும்; அதாவது சில சொட்டுகள். நிரம்பிய டேங்கைவிடத் தீரப்போகும் டேங்க் அதிகம் ஒழுகுவதன் காரணம் இதுதான்.

காற்று விரிவதோடு ஜூஸும் இளகுகிறது. ஜூஸின் பெரும்பகுதியான வி.ஜி. என்கிற கிளிசரின், 20 பாகையிலிருந்து 30 பாகைக்குப் போகும்போதே பாகுத்தன்மையில் பாதிக்கும் மேல் இழந்துவிடுகிறது. குளிரறையில் பஞ்சை எட்டத் திணறிய அதே 70 விழுக்காடு வி.ஜி. ஜூஸ், நடைபாதையில் தாராளமாக ஓடத் தொடங்குகிறது.

கீழ்க்காற்று டேங்கின் உண்மையான சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது. ஒழுகலை நிறுத்தப் பஞ்சைக் கூடுதலாக அடைத்தால், குளிரறையில் சுருளுக்கு ஜூஸ் போதாமல் பஞ்சு கருகித் தொண்டையைச் சுடும். கருகலைத் தவிர்க்கப் பஞ்சைத் தளர்த்தினால், வெயிலில் சுருள் அமர்ந்திருக்கும் தளமான டெக் நிரம்பி அடித்துளை வழியே வழியும். ஒரு குறைக்குச் செய்யும் மருந்து மற்றொரு குறையை வளர்ப்பதால், நாள் முழுவதும் இரு தட்பவெப்பங்களுக்கிடையே அலையும் நகரவாசிக்குச் சரியான பஞ்சளவு என்று ஒன்று அமைவதே அரிது. மேல்காற்று டேங்கில் இந்த இழுபறி இல்லை. டெக்கில் ஜூஸ் தேங்கினாலும் வெளியே போக அது காற்றுப்பாதையில் மேலே ஏற வேண்டும். ஆகவே பஞ்சைத் துணிந்து தளர்வாக வைக்கலாம், ஜூஸ் ஓட்டமும் எங்கும் தட்டுப்படாது.

ஒழுகியது எங்கே போய்ச் சேர்கிறது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். கீழ்க்காற்றில் வழிவது நேரே, மின்கலம் உள்ள அடிக்கருவியான மோட்டில் டேங்க் திருகப்படும் 510 இணைப்பில் இறங்குகிறது. அங்கே பிசுபிசுப்பு படிந்தால் மின்தடைக் கணக்கு தாறுமாறாகி, திரையில் டேங்க் இல்லை என்றோ ஷார்ட் என்றோ எச்சரிக்கை வரும். நாளாவட்டத்தில் உள்ளிருக்கும் மின்பலகையும் கெடலாம். டேங்கைவிட மோட் விலை கூடியது என்பதால் இந்தப் பராமரிப்புச் செலவே என்னை மாற வைத்தது. மலேசிய உணவகங்களில் 2019 ஜனவரி 1 முதல் புகைக்கத் தடை இருக்கிறது. 2024 அக்டோபர் 1-இல் நடைமுறைக்கு வந்த புகைப்பொருள் கட்டுப்பாட்டுச் சட்டம் (சட்டம் 852) வேப்பையும் அந்தக் கட்டுப்பாட்டுக்குள் கொண்டுவந்தது. மாமாக் கடையில் அமரும் நேரமெல்லாம் கருவி பையில் படுத்தே கிடக்கிறது என்பதால், ஊதாமல் சும்மா இருக்கும் நேரத்தில் எது ஒழுகாது என்ற கேள்விக்கு முன்பைவிட எடை கூடியிருக்கிறது.

மேல்காற்றிலும் தொல்லை வராமலில்லை. வழிவதற்குப் பதிலாக டெக்கில் தேங்கும். இழுக்கும்போது களகள என்று ஒலி கேட்கும், சூடான துளிகள் நாக்கில் தெறிக்கும். வாய்முனையைக் கழற்றிவிட்டு, டேங்கை மெல்லிழைத் தாளில் கவிழ்த்துப் பிடித்து ஓர் உதறு உதறினால் தேங்கியது வந்துவிடும். இது அடிக்கடி நேர்ந்தால் பஞ்சைத்தான் பார்க்க வேண்டும். சுருளுக்குள் பஞ்சை இழுக்கும்போது லேசான பிடிப்பு தெரிய வேண்டும், சுருள் வளையக்கூடாது. இரு நுனிகளையும் டெக்கின் வெளிவிளிம்போடு வெட்டி, ஊசியால் நன்றாகக் கோதி, ஜூஸ் வாய்க்காலின் திறப்பை முழுதும் மூடும்படி, ஆனால் உள்ளே திணிக்காமல் படியவைக்க வேண்டும். ஓர் ஓரத்தில் ஊசிமுனை அளவு இடைவெளி தெரிந்தாலும் ஜூஸ் பஞ்சைச் சுற்றிக்கொண்டு வந்துவிடும்.

கீழ்க்காற்றை வைத்திருப்பவர்களுக்கு ஒரு வழி உண்டு. ஜூஸ் கட்டுப்பாட்டு வளையம் இருந்தால் அதை மூடிய பிறகே நிரப்ப வேண்டும். இல்லையென்றால் காற்றுத் துளையை அடைத்து நிரப்பி, மூடியை இறுக்கி, டேங்கைத் தலைகீழாக்கிய பின்னரே துளையைத் திறக்க வேண்டும். மூடி திருகும்போது அமுங்கும் காற்று அந்த நிலையில் ஜூஸைத் தள்ளாமல் தான் மட்டும் வெளியேறிவிடும். ஓ-ரிங் வெட்டுப்பட்டிருக்கிறதா என்பதையும், கண்ணாடிக்குப் பதில் பிளாஸ்டிக் குழாய் என்றால் எலுமிச்சை, இலவங்கப்பட்டை மணமுள்ள ஜூஸ்களால் விரிசல் விட்டிருக்கிறதா என்பதையும் பார்த்துவிட வேண்டும். வெற்றிடம் பெரும்பாலும் உடைவது அங்கேதான்.

நான் பேசுவது ஒற்றைச் சுருளும் கெட்டியான ஜூஸும் கொண்ட அனுபவத்திலிருந்து. சிகரெட்டைப்போல் இறுக்கமாக இழுக்கும் வகையில் என் பழக்கம் குறைவு. அங்கே சுவை வேறுபாடு இன்னும் துலக்கமாகத் தெரியக்கூடும். வி.ஜி.யும் அதைவிட நீர்த்த பி.ஜி.யும் (புரோப்பிலீன் கிளைக்கால்) பாதிக்குப் பாதி கலந்த சால்ட் நிக் (நிக்கோடின் உப்பு) ஜூஸ் மிகவும் நீர்த்தது என்பதால் அதை அகன்ற வாய்க்கால் கொண்ட எந்த டேங்கிலும் ஊற்ற நான் சொல்லமாட்டேன். வீட்டிலேயே மேசைமீது நிமிர்த்தி வைத்து, ஒரே அறையின் குளிரில் பயன்படுத்துபவர் என்றால் கீழ்க்காற்றையே வாங்கலாம். அவருக்கு ஒழுகல் பெரிய தலைவலியாக இராது, சுவையும் கூடுதலாகக் கிடைக்கும்.