குற்றவியல் நீதி படிப்பு: கம்யூனிட்டி காலேஜ் வழியா, நேரே கால் ஸ்டேட்டா?

கலிஃபோர்னியாவில் குற்றவியல் நீதி படிக்க ஆசைப்படும் பிள்ளைக்கு மூன்று வழிகள் உண்டு. கால் ஸ்டேட், அதாவது கலிஃபோர்னியா ஸ்டேட் யூனிவர்சிட்டியின் கேம்பஸ் ஒன்றில் நேரே முதலாண்டு சேரலாம். இரண்டு ஆண்டுப் படிப்பு தரும் உள்ளூர் அரசுக் கல்லூரியான கம்யூனிட்டி காலேஜில் 'ஏஎஸ்-டி' (அசோசியேட் இன் சயன்ஸ் ஃபார் ட்ரான்ஸ்ஃபர்) என்கிற ட்ரான்ஸ்ஃபர் டிகிரியை முடித்துவிட்டு, கால் ஸ்டேட்டில் மூன்றாம் ஆண்டுக்குப் போகலாம். இல்லையென்றால் அதே கம்யூனிட்டி காலேஜில் சாதாரண ஏஎஸ் டிகிரி வாங்கிக்கொண்டு போலீஸ் அகாடமிக்குப் போகலாம். எங்கள் பெண் இரண்டாவது வழியில் போனாள். இப்போது சான் ஹோசே ஸ்டேட்டில் ஜஸ்டிஸ் ஸ்டடீஸ் படிக்கிறாள். அதனால் நான் எந்தப் பக்கம் சாய்வேன் என்பது தெரிந்ததுதான். அதைக் கழித்துக்கொண்டு படியுங்கள்.

பெயர்க் குழப்பத்தை முதலில் தீர்த்துவிடுகிறேன். கம்யூனிட்டி காலேஜ் பட்டியலில் 'கிரிமினல் ஜஸ்டிஸ்' என்று தேடினால் பல இடங்களில் கிடைக்காது. இங்கே அதன் பெயர் 'அட்மினிஸ்ட்ரேஷன் ஆஃப் ஜஸ்டிஸ்', சுருக்கமாக ஏஜே.

காசு விஷயம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். மாநிலவாசிக்குக் கம்யூனிட்டி காலேஜில் யூனிட்டுக்கு (பாடத்தின் அளவை அதில்தான் எண்ணுகிறார்கள்) 46 டாலர், இரண்டு ஆண்டுக்கான 60 யூனிட்டுக்கு 2,760. முதல்முறை கல்லூரிக்கு வரும் முழுநேர மாணவர்களுக்கு அதையும் தள்ளுபடி செய்கிற காலேஜ்கள் நிறைய. கால் ஸ்டேட்டில் 2025-26 கல்வியாண்டுக்கு ட்யூஷன் மட்டும் 6,450 டாலர். கேம்பஸ் கட்டணம், தங்குமிடம், சாப்பாடு தனி. வீட்டிலிருந்து போய் வந்தால் மிச்சம், வகுப்பு சின்னது, ஆசிரியரை நேரில் பிடித்துப் பேசலாம். இதையெல்லாம் எல்லாரும் சொல்லிவிட்டார்கள், நான் நீட்டவில்லை.

எங்கள் முடிவைத் தீர்மானித்தது வேறு ஒன்று: எடுத்த யூனிட் அடுத்த இடத்தில் எதற்குச் செல்லும் என்பது. 'செல்லுமா' என்று கேட்டால் போதாது, 'எதற்குச் செல்லும்' என்று கேட்க வேண்டும். கவுன்சிலரிடம் 'இந்தப் பாடம் ட்ரான்ஸ்ஃபர் ஆகுமா' என்றால் 'ஆகும்' என்பார். அது உண்மையாகவும் இருக்கும். ஆனால் அந்த 'ஆகும்' மூன்று விதம். முதன்மைப் பாடமான மேஜரில் கேட்கிற பாடத்துக்கு ஈடாக ஆகலாம். பொதுப்பாடமான ஜிஇ-யில் ஒரு கட்டத்தை நிரப்பலாம். இரண்டும் இல்லாமல் வெறும் எலெக்டிவாக, அதாவது விருப்பப் பாடமாகப் போய் உட்காரலாம். எலெக்டிவுக்கு இருக்கிற இடம் கொஞ்சம்தான். அது நிரம்பிய பிறகு வருகிற யூனிட் மார்க்‌ஷீட்டில் இருக்கும், பட்டத்துக்கு உதவாத செல்லாக் காசாக. இன்னொரு வரம்பும் உண்டு. கம்யூனிட்டி காலேஜிலிருந்து எத்தனை யூனிட் கொண்டு போனாலும் கால் ஸ்டேட் 70-க்கு மேல் கணக்கில் எடுக்காது.

இதைப் பணமாக மாற்றிப் பாருங்கள். மூன்று யூனிட் பாடம் மூன்று இப்படி வீணானால் ஒன்பது யூனிட். அதை கால் ஸ்டேட்டில் திரும்ப எடுக்க ஒரு செமஸ்டர் கூடுதலாகப் போனால், ஆறு யூனிட்டைத் தாண்டியதால் முழுநேரக் கட்டணம், அதாவது 6,450-ல் பாதியான 3,225 டாலர். கம்யூனிட்டி காலேஜின் இரண்டு ஆண்டுக் கட்டணமே 2,760 என்று மேலே சொன்னேன். மிச்சம் பிடித்தது அத்தனையும் அந்த ஒரு செமஸ்டரில் போகாது, வாஸ்தவம். ஆனால் வேலைக்குப் போக வேண்டிய பிள்ளைக்கு அரை வருடம் தள்ளிப்போகிறது, அந்தச் சம்பளத்தையும் சேர்த்தல்லவா பார்க்க வேண்டும்.

ஏஜே துறையில் இந்தச் சிக்கல் மற்றப் பாடங்களைவிட அதிகம். காரணம் பழசு. பெர்க்லி போலீஸ் தலைவராக இருந்த ஆகஸ்ட் வோல்மர் போலீஸ்காரர்கள் கல்லூரிக்குப் போக வேண்டும் என்று நூறு வருடத்துக்கு முன்பே பிடிவாதம் பிடித்தவர். சான் ஹோசேயில் 1930-லேயே போலீஸ் படிப்பு தொடங்கிவிட்டது. 1967-ல் ஜனாதிபதி அமைத்த குற்றவியல் கமிஷன், காலப்போக்கில் எல்லா போலீஸ் அதிகாரிகளுக்கும் இளங்கலைப் பட்டம் இருக்க வேண்டும் என்று பரிந்துரைத்தது. அடுத்த வருடச் சட்டம் அதற்கு மத்திய அரசின் பணத்தையும் கொடுத்தது. வேலையில் இருந்த போலீஸ்காரர்கள் மாலை வகுப்புக்கு வர, நாடு முழுக்க கம்யூனிட்டி காலேஜ்களில் இந்தத் துறை முளைத்தது. அந்த இரட்டைப் பிறப்பு இன்றும் தொடர்கிறது. ஒரே துறையில் ஒரு பக்கம் குற்றவியல் சட்டம், சாட்சியம், சிறார் நீதி மாதிரி ஏட்டுப் பாடங்கள். மறுபக்கம் ரோந்து முறை, ரிப்போர்ட் எழுதுவது, கைது செய்யும் பயிற்சி மாதிரி தொழில் பாடங்கள். முதல் வகை மேஜருக்குள் போகும். இரண்டாம் வகை பெரும்பாலும் போகாது. கேட்டலாக்கில் இரண்டும் அடுத்தடுத்த வரியில் ஒரே மாதிரிதான் இருக்கும்.

ஏஎஸ்-டி டிகிரியின் மதிப்பு இங்கேதான். 2010-ல் வந்த எஸ்பி 1440 சட்டம் அதற்கு அடிப்படை. ஏஜே-யில் இந்த டிகிரி முடித்துப் போகிறவரிடம், அதை ஏற்கும் மேஜரில் சேர்ந்தால், கால் ஸ்டேட் இன்னும் 60 யூனிட்டுக்கு மேல் கேட்கக் கூடாது. அறுபது இங்கே, அறுபது அங்கே, தீர்ந்தது. ஏஜே அறிமுகமும் குற்றவியல் சட்டக் கருத்துகளும் கட்டாயம். மற்றதைக் கொடுத்த பட்டியலிலிருந்து எடுக்க வேண்டும். சாதாரண ஏஎஸ் டிகிரிக்கு இந்தக் காப்பு கிடையாது. பெயரில் ஒரு 'டி'தான் வித்தியாசம், கிட்டத்தட்ட அதே வகுப்பறை, அதே ஆசிரியர்கள்.

ஆனாலும் காப்பு முழுசாக இல்லை. கால் ஸ்டேட் அமைப்பில் எங்கோ ஓர் இடம் நிச்சயம், நீங்கள் கேட்கும் கேம்பஸ் நிச்சயமில்லை. சான் டியாகோ, லாங் பீச் மாதிரி இடங்களில் நெரிசல் அதிகம். அதனால் முதல் செமஸ்டரிலேயே இரண்டு, மூன்று கேம்பஸ்களைக் குறித்துக்கொண்டு, எந்தப் பாடம் எதற்கு ஈடு என்று காட்டும் 'அசிஸ்ட்' இணையதளத்தில் ஒவ்வொன்றாகப் பார்த்தோம். இடது பக்கம் கால் ஸ்டேட் கேட்கும் பாடம், வலது பக்கம் நம் காலேஜில் அதற்கு ஈடானது. ஈடு இல்லை என்றால் இல்லை என்றே எழுதியிருக்கும். பெண் அதை அச்சடித்து ஃப்ரிட்ஜில் ஒட்டி, முடித்த பாடத்தையெல்லாம் பச்சை மார்க்கரால் அடித்துக்கொண்டே வந்தாள். அட்மிஷன் ஆபீஸுக்கு நடையாக நடப்பதைவிட இது சுலபம்.

ஒரு விஷயத்தில் மட்டும் எனக்கு உறுத்தல். அவளுக்கு அதிகம் பயன்பட்ட வகுப்பு ரிப்போர்ட் ரைட்டிங். எடுத்தவர் ஷெரிஃப் ஆபீஸில் சார்ஜென்ட்டாக இருந்து ஓய்வு பெற்றவர். சின்ன வீடியோ ஒன்றைப் போட்டுக் காட்டி, பார்த்ததை எழுதச் சொல்வார். 'அந்த ஆள் பதற்றமாக இருந்தார்' என்று இவள் எழுதியதைச் சிவப்பில் வட்டமிட்டு, 'அது உனக்கு எப்படித் தெரியும்? என்ன பார்த்தாய்?' என்று ஓரத்தில் எழுதியிருந்தார். திருத்தியபோது அந்த வரி 'சாவியை இரண்டு முறை கீழே போட்டார், பதில் சொல்லும் முன் கதவைப் பார்த்தார்' என்று ஆனது. நீதிமன்றத்தில் குறுக்கு விசாரணைக்கு நிற்கப்போவது இந்த இரண்டாவது வரிதான் என்பது வகுப்பில் எல்லோருக்கும் அன்றைக்கே புரிந்திருக்கும். அந்த அருமையான வகுப்பு மேஜருக்குக் கணக்கில்லை, எலெக்டிவ்தான். இடம் இருந்தது, தெரிந்தே எடுத்தாள்.

நேரே கால் ஸ்டேட் போவதற்கும் நியாயம் இருக்கிறது. முதல் நாளிலிருந்தே ஒரே இடம், யூனிட் கணக்குத் தலைவலி இல்லை, இன்டர்ன்ஷிப்பும் பேராசிரியர் பழக்கமும் சீக்கிரம் ஆரம்பிக்கும். எங்கள் பெண் மூன்றாம் ஆண்டில் போனபோது நண்பர் வட்டங்கள் ஏற்கெனவே அமைந்துவிட்டிருந்தன. பிள்ளைக்கு உதவித்தொகை நன்றாகக் கிடைத்தால், அல்லது வீட்டை விட்டுப் போனால்தான் படிப்பான் என்று உங்களுக்குத் தெரிந்தால், நான் மறுபேச்சு பேச மாட்டேன். தடயவியல் ஆய்வகத்தில் வேலை பார்க்க ஆசை என்றால் கணக்கே வேறு. அதற்கு வேண்டியது வேதியியலும் உயிரியலும், ஏஜே டிகிரி அங்கே பெரிதாக உதவாது. கால் ஸ்டேட்டிலிருந்து வேறான யூசி, அதாவது யூனிவர்சிட்டி ஆஃப் கலிஃபோர்னியா, இர்வைனில் நடத்தும் குற்றவியல் படிப்பில் கண் இருந்தாலும் ஏஎஸ்-டி உத்தரவாதம் யூசிக்குப் பொருந்தாது என்பதை நினைவில் வைக்க வேண்டும்.

மூன்றாவது வழி, அகாடமி. அதைப் பக்கத்திலிருந்து பார்த்த அனுபவம் எனக்கு இல்லை, அண்டை வீட்டுப் பையன் ஒருவன் போனதோடு சரி. சட்டப்படி போலீஸ் வேலைக்கு ஹைஸ்கூல் சான்றிதழ் போதும். மாநிலத்தின் அடிப்படைப் பயிற்சி குறைந்தது 664 மணி நேரம், பல அகாடமிகளில் அதற்கும் மேல். வேலை தெளிவாகத் தெரிந்தவனுக்கு இது வேகமான பாதை. ஆனால் 2021-ல் வந்த ஏபி 89 சட்டம் போலீஸ் அதிகாரி ஆவதற்கான குறைந்தபட்ச வயதை 21 ஆக்கிவிட்டது. பதினெட்டில் பள்ளி முடித்து இரண்டு வருடம் படித்தாலும் இருபதுதான் ஆகிறது. எப்படியும் காத்திருக்க வேண்டிய காலத்தில் ட்ரான்ஸ்ஃபர் டிகிரியாகவே எடுத்து வைத்தால் பிற்பாடு கதவு திறந்திருக்குமே என்பது என் எண்ணம். போலீஸ் வேண்டாம் என்று மனம் மாறுகிற பிள்ளைகள் குறைவில்லை. எங்கள் பெண்ணே ரோந்துக் கார் கனவில் ஆரம்பித்து, இப்போது ப்ரொபேஷன் வேலை (தண்டனைக்குப் பதில் வெளியே விடப்பட்டவர்களைக் கண்காணிப்பது) பக்கம் திரும்பியிருக்கிறாள். மத்திய அரசின் ப்ரொபேஷன் அதிகாரிக்கு இளங்கலைப் பட்டம் கட்டாயம். எஃப்பிஐ ஏஜென்டுக்கும் அப்படியே. இரண்டு ஆண்டு டிகிரியோடு நின்றவருக்கு அந்த வாசல் இல்லை.

நம்மவர்கள் கட்டாயம் பார்க்க வேண்டியது விசா. எச்-1பி விசாவில் வேலை பார்ப்பவரின் குடும்பத்துக்கான எச்-4 விசாவில் இருக்கும் பிள்ளை, கலிஃபோர்னியாவில் ஒரு வருடத்துக்கு மேல் குடியிருந்து அதை நிரூபித்தால் மாநிலவாசிக் கட்டணத்துக்குத் தகுதி பெறலாம். படிக்க வருவோருக்கான எஃப்-1 விசாவில் இருக்கும் மாணவருக்கு அது கிடையாது, யூனிட்டுக்குப் பல மடங்கு கட்ட வேண்டும். ஆக 46 டாலர் கணக்கை வைத்து எஃப்-1 குடும்பம் எதையும் முடிவு செய்யக் கூடாது. வேலை விஷயத்தில், 2023 ஜனவரி முதல் கலிஃபோர்னியா போலீஸில் சேரக் குடியுரிமை கட்டாயமில்லை, வேலை செய்யச் சட்டப்படி அனுமதி இருந்தால் போதும். கிரீன் கார்டு வைத்திருப்பவர் விண்ணப்பிக்கலாம். எஃப்பிஐ-க்குக் குடியுரிமை வேண்டும். எச்-4 பிள்ளைக்கு 21 வயதில் அந்த விசாவே முடிந்துவிடும். போலீஸ் வேலைக்கான வயதும் அதே 21 என்பதால், கிரீன் கார்டு வரிசையில் நிற்கும் வீட்டில் இந்த மேஜரைத் தேர்ந்தெடுக்கும் முன் காலேஜ் கவுன்சிலரோடு சேர்த்து இமிக்ரேஷன் வக்கீலையும் ஒரு நடை பார்த்துவிடுங்கள்.