வெளிநாட்டில் வனவிலங்குப் படிப்பு, வேலைக்கு கேரண்டி என்று சொல்பவர்களிடம் உஷார்

நேற்று என் கல்விக் கடனின் முதல் ஈ.எம்.ஐ. போனது. 32,640 ரூபாய். என் சம்பளம் 22,000. மீதியை அப்பா பென்ஷனிலிருந்து போட்டார். வால்பாறையில் எங்கள் குவார்ட்டர்ஸில் சிக்னல் கிடைக்கிற ஒரே இடம் பின்கட்டுத் திண்ணை. அட்டைக்கடியைச் சொறிந்துகொண்டே எழுதுகிறேன், பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

2023 மே. பி.எஸ்ஸி. விலங்கியல் முடித்த கையோடு பிரிட்டனில் இயற்கைப் பாதுகாப்பில் ஒரு வருட முதுகலை படிக்க ஆசைப்பட்டேன். திருச்சியில் ஒரு கன்சல்டன்சிக்குப் போனோம். பெயர் போடவில்லை. மாடியில் ஏசி ரூம், சுவர் முழுக்கக் கொடிகள், மேஜையில் ஒரு கிண்ணம் சாக்லெட். எப்படிப்பட்ட இடம் என்று உங்களுக்கே தெரியும்.

"நானும் கும்பகோணம் பக்கம்தான் அப்பா" என்றார் கவுன்சலர். அப்பா கையிலிருந்த மஞ்சப்பையை அவரே வாங்கி நாற்காலியில் வைத்தார். அங்கேயே அப்பா சாய்ந்துவிட்டார். ஆனாலும் ஒரு கேள்வி கேட்டார், அதைச் சொல்லியாக வேண்டும். "எங்க மாயவரத்துல, மன்னம்பந்தல் காலேஜ்லயே வனவிலங்கு எம்.எஸ்ஸி. இருக்கே சார்?" கவுன்சலர் சிரித்தார். "அது ஊர்லயே இருக்கிறவங்களுக்கு அப்பா. பாப்பா எங்கயோ போக வேண்டியது."

பிறகு ஒரு தாளை எடுத்துக் கணக்குப் போட்டார். வருடச் சம்பளம் 30,000 பவுண்டு, பெருக்கல் 103. 30,90,000. அடியில் இரண்டு கோடு. "கடன் 24 லட்சம். பாப்பா ஒரே வருஷத்துல அடைச்சிட்டு உங்களுக்கு கார் வாங்கிக் கொடுக்கும்." அப்பா சிரித்தார். நானும் சிரித்தேன். அந்தச் சம்பளத்தில் வரியும் காப்பீடும் மட்டுமே சுமார் 5,000 பவுண்டு போய்விடும், வாடகை தனி என்று அந்த ரூமில் ஒருத்தருக்கும் தோன்றவில்லை. "இது என் கோர்ஸ் படிச்சவங்க சம்பளமா சார், எல்லாருக்குமானதா?" என்று மட்டும் கேட்டேன். "உங்க கோர்ஸுக்குத்தான்மா." அது பொய். கம்ப்யூட்டர், எம்.பி.ஏ. எல்லாம் சேர்த்துப் போட்ட சராசரி. அந்தத் தாள் இன்னும் என்னிடம் இருக்கிறது.

அதன் பிறகுதான் "வேலை கேரண்டி பேக்கேஜ்". ஒரு லட்சம், ஜி.எஸ்.டி. 18,000. அம்மாவின் இரட்டைவடச் சங்கிலி அடகுக்குப் போனது. ஆக 1,18,000 ரூபாய், அவர்கள் கைக்கே. கடன் ஏழரை லட்சத்தைத் தாண்டியதால் வங்கி வீட்டுப் பத்திரத்தைக் கேட்டது. அதையும் கொடுத்தோம்.

படிப்பில் குறை சொல்ல மாட்டேன். ஆனால் படித்துக்கொண்டிருக்கும்போதே, 2024 ஏப்ரலில், வேலை விசா கிடைக்கத் தேவையான பொதுக் குறைந்தபட்சச் சம்பளத்தை 26,200 பவுண்டிலிருந்து 38,700 ஆக்கிவிட்டார்கள். புதிதாகப் படித்து வருபவர்களுக்குச் சலுகை போகவே 30,960. நான் பார்த்த வேலை விளம்பரங்களோ 23,000, 24,000. பாதிக்கு மேல் சீசன் வேலை, கோடையில் வௌவால் கணக்கெடுப்பு மாதிரி. அதற்கும் அந்த ஊர் டிரைவிங் லைசென்ஸ் வேண்டும். மிச்சமெல்லாம் சம்பளமில்லாத தன்னார்வலர் பணி.

உடன் படித்த ஆங்கிலேயப் பெண்ணுக்கும் கடன் உண்டு. அவள் கவலையே படவில்லை. ஏன் என்று பிறகுதான் புரிந்தது. அங்கே முதுகலைக் கடனுக்கு, வருட வருமானம் 21,000 பவுண்டைத் தாண்டிய தொகையில் 6 சதவீதம் கட்டினால் போதும். அவள் வருடம் 22,000 பவுண்டு சம்பாதித்தால் மாதம் 5 பவுண்டு. 30 வருடம் கழித்து மீதி தள்ளுபடி. என் வங்கிக்கு நான் காட்டில் என்ன சம்பாதிக்கிறேன் என்பதைப் பற்றி அக்கறையே இல்லை. "பிடித்ததைப் படி, கடன் தானாக அடையும்" என்ற பேச்சு அவளுக்குச் சரி. எனக்கு அது விஷம்.

2025 ஜனவரியில் ஊர் திரும்பினேன். கேரண்டி என்ன ஆச்சு என்று போன் போட்டேன். முதலில் "மீட்டிங்ல இருக்கேன்மா". அப்புறம் "மெயில் போடுங்க". என் மெயிலுக்குப் பதில் என்று மாதிரி பயோடேட்டா ஒன்று வந்தது. அதில் வேறு யாரோ ஒரு நர்ஸின் பெயரைக்கூட அழிக்கவில்லை! இதுதான் 1,18,000 ரூபாய்க்கான வேலை உதவி. நேரில் போனால் "அந்த சார் ரிசைன் பண்ணிட்டார்". வேறொரு பையன் ஒப்பந்தத்தைத் திருப்பிக் காட்டினான். "கேரண்டின்னா இன்டர்வியூக்குத் தயார் பண்றது மேடம், வேலை இல்ல." வாட்ஸ்அப்பில் இப்போது ஒரு டிக் மட்டும்தான் விழுகிறது. 1,18,000 ரூபாய்.

இங்கே என்னோடு காட்டில் விலங்குகளைப் படமெடுக்கும் கேமரா மாட்டுகிற ஒரு தம்பி மன்னம்பந்தலில் படித்தவன். அதே வேலை, அதே 22,000. கடன் கிடையாது. என்னைவிட நன்றாகப் புலித்தடம் பார்ப்பான். அப்பாவிடம் இதை இன்னும் சொல்லவில்லை.

விவரமாக அறிவுரை எழுத நினைத்தேன், பேட்டரி 9 சதவீதம். அவசரமாக: சம்பளக் கணக்கு காட்டினால் எந்தப் படிப்புக்கு, வரி போகவா என்று எழுத்தில் கேளுங்கள். இந்திய வனப்பணித் தேர்வுக்கு இந்த வெளிநாட்டுப் பட்டம் தேவை என்று சொன்னால் நம்பாதீர்கள், எனக்கும் சொன்னார்கள்; பி.எஸ்ஸி. விலங்கியலே போதும். இங்கேயே எம்.எஸ்ஸி. முடித்து, 'நெட்' என்ற தேசியத் தகுதித் தேர்வு எழுதி ஜே.ஆர்.எஃப். என்ற ஆராய்ச்சி உதவித்தொகை வாங்கினால் மாதம் 37,000, அதை முதலில் முயற்சி செய்யுங்கள். ஏமாந்திருந்தால் நுகர்வோர் உதவி எண் 1915. நான் இன்று காலை பதிந்துவிட்டேன். ரசீது எண் கேட்டார்கள். எடுத்துப் பார்த்தால் "ஆலோசனைக் கட்டணம்" என்று மட்டும் போட்டிருக்கிறது. கேரண்டி என்ற வார்த்தையே அதில் இல்லை.