பிடிகே மையத்தின் 150 வெள்ளி: கணக்குப் போட்டுப் பாருங்கள்

மலேசியாவில் சமூக நல இலாகாவின் கீழ் வரும் பிடிகே என்ற சமூக மறுவாழ்வு மையத்தில் பதிந்து பயிற்சிக்குப் போகும் மாற்றுத் திறனாளிக்கு மாதம் 150 வெள்ளி படி கிடைக்கிறது. மாதம் 20 நாள் என்று வைத்தால் நாளுக்கு 7 வெள்ளி 50 காசு. மையத்து வேன் உங்கள் தாமானுக்குள் (குடியிருப்புப் பகுதிக்குள்) வராவிட்டால், போக வர கிராப் வாடகைக் கார் பிடிக்கவே இது பற்றாது. ஆகவே சேருமுன் முதலில் வேனைப் பற்றிக் கேளுங்கள்.

1984இல் திரெங்கானு, பத்து ராக்கிட்டில் ஆரம்பித்த திட்டம் இது. வீட்டுக்குப் பக்கத்திலேயே பயிற்சி என்பது இதன் பலம். நடத்துவது உள்ளூர்க் குழு என்பதால் தரம் இடத்துக்கு இடம் மாறும். ஓரிடத்தில் கேக் சுட்டு விற்கிறார்கள், பொட்டலம் கட்டும் வேலை எடுத்துச் செய்கிறார்கள். இன்னோரிடத்தில் முப்பது வயதுக்காரர் கையிலும் வண்ணப் பென்சில்தான். பெயர் கொடுப்பதற்கு முன் ஒரு காலை முழுக்க உட்கார்ந்து பாருங்கள். பெரியவர்களுக்குத் தனி அட்டவணை இல்லையென்றால் வேறு மையம் தேடலாம்.

ஓகேயு அட்டை, அதாவது மாற்றுத் திறனாளி அடையாள அட்டை, முதலில் வேண்டும். பதிவுப் படிவத்தில் மருத்துவர் குறைபாட்டின் வகையை உறுதிப்படுத்த வேண்டும். ஏழு வகைகள் உண்டு. பிறகு அந்த அட்டை, மைகார்டு (தேசிய அடையாள அட்டை), வங்கிப் புத்தகம் ஆகியவற்றின் நகல்களோடு மையத்துக்குப் போங்கள்.

சிக்கல் பெரும்பாலும் வங்கியில்தான். மைகார்டில் பெயரோடு ஏ/எல் (மகன்), ஏ/பி (மகள்) இருக்கும், வங்கிப் புத்தகத்தில் இருக்காது. அல்லது ஓர் எழுத்து கூடுதலாக இருக்கும். பணம் திரும்பிப் போக அது போதும். கையெழுத்துப் போட முடியாதவருக்குப் பாதுகாவலர் யார், கணக்கு யார் பேரில் என்பதைப் பதியும்போதே எழுத்தில் முடித்துவிடுங்கள். கணக்கை மாற்றினால் மையத்துக்கும் சொல்ல வேண்டும். நீண்ட நாள் வர முடியாமல் போனால் எம்சியை (மருத்துவ விடுப்புச் சான்றிதழை) மேற்பார்வையாளரிடம் கொடுத்து, நகலை வைத்துக்கொள்ளுங்கள்.

மையத்தைவிட்டு வேலைக்குப் போகும் கட்டம்தான் இந்தச் சேவையின் பலவீனமான இடம். ஓகேயு தொழிலாளர் படி 2021 பட்ஜெட்டில் 400இலிருந்து 450 வெள்ளியானது. வேலை செய்ய இயலாதோருக்கான உதவி 250இலிருந்து 300 ஆனது. இவை தனித்தனி விண்ணப்பங்கள். மையத்துப் பதிவிலிருந்து பெயரை நீக்கினால் தொழிலாளர் படி தானாக வந்துவிடாது. அதற்கு முதலாளியின் உறுதிப்பாடும் வேண்டும். முதல் சம்பளச் சீட்டு கைக்கு வந்ததும் விண்ணப்பியுங்கள். வேலை நிலைக்காவிட்டால் திரும்பச் சேர இடம் இருக்குமா என்று மேற்பார்வையாளரிடம் முன்பே கேட்டு வையுங்கள்.