குளுவாங்கிலிருந்து சிங்கப்பூர்ப் பூந்தோட்டங்களுக்கு: ஒரு பூக்கடைக்காரியின் பார்வை

மலேசியாவில், ஜோகூர் மாநிலத்துக் குளுவாங்கில் பத்தொன்பது வருடமாகப் பூ கட்டி விற்கிறேன். சாமந்தியும் ரோஜாவும் கேமரன் மலையிலிருந்து வரும், மல்லிகை இந்தியாவிலிருந்து விமானத்தில் வரும், கல்யாண மாலைக்கு வேண்டிய ஓர்க்கிட் இங்கே ஜோகூரிலேயே விளையும். பெட்டியைத் திறந்ததும் எந்தப் பூ நாளைக் காலை வரை தாங்கும், எது மாலைக்குள் தலை சாயும் என்று மணத்தை வைத்தே சொல்லிவிடுவேன். பூவோடு வாழ்கிறவளுக்குப் பூந்தோட்டம் பார்க்கும் ஆசை இருக்காதா? பினாங்குத் தாவரவியல் பூங்காவில் நாகலிங்க மரத்தடியில் அரை மணி நேரம் நின்றிருக்கிறேன். புத்ராஜெயாவின் ஃப்ளோரியா மலர் விழாவுக்கு இரண்டு முறை போயிருக்கிறேன்.

அதற்கப்புறம் ஒரு சுற்றுலா பஸ்ஸில் இடம் பிடித்து வேறொரு மலர் விழாவுக்குப் போனேன். அதை நினைத்தால் இன்னும் மனசு ஆறவில்லை. விளக்கு அலங்காரம்தான் அந்த விழாவின் சிறப்பு என்று சொல்லிப் பணம் வாங்கினார்கள். உச்சி வெயிலில் இறக்கிவிட்டு, ஆறு மணிக்கு எல்லாரையும் பஸ்ஸில் ஏற்றிவிட்டார்கள். முதல் விளக்கு எரிவதற்குள் நாங்கள் நெடுஞ்சாலையில் இருந்தோம். அன்றைக்கே முடிவு செய்தேன், இனிமேல் நேரம் என் கையில் இருந்தால்தான் போவது என்று. இந்த முறை சிங்கப்பூருக்குள் போக அனுமதி உள்ள வேன் ஒன்றை நாங்களே பேசிக்கொண்டோம். அம்மா, அண்ணி, என் மகள், மகன், பக்கத்து வீட்டு அக்கா இரண்டு பேர், நான் என்று மொத்தம் ஏழு பேர்.

அம்மாவுக்கு எழுபத்து நான்கு வயது. ஊருக்கு வெளியே இருந்த தோட்டத்தில் முப்பத்தொரு வருடம் ரப்பர் மரத்தில் பால் வெட்டியவர். அந்தத் தோட்டம் இப்போது முழுக்கச் செம்பனை. அவருக்கு முழங்கால் வலி உண்டு. அதனால் வயசானவர்களை அழைத்துப் போகிறவர்களுக்குப் பயன்படட்டும் என்றுதான் இதை விவரமாக எழுதுகிறேன்.

விடியற்காலை மூன்றரைக்குக் கிளம்பி, சிம்பாங் ரெங்கம் வழியாக நெடுஞ்சாலை ஏறினோம். சிங்கப்பூருக்கான நுழைவு அட்டையை இணையத்தில், போவதற்கு முந்தைய மூன்று நாளுக்குள் நிரப்ப வேண்டும். பெரியவர்களுடையதை நீங்களே உட்கார்ந்து நிரப்பிவிடுங்கள். வேலைக்குப் போகிறவர்களின் கூட்டம் ஜோகூரையும் சிங்கப்பூரையும் இணைக்கும் பாலத்தில் சேர்வதற்குள் கடந்துவிட வேண்டும் என்பதற்காகத்தான் அவ்வளவு சீக்கிரம். உட்லண்ட்ஸில் தோசை சாப்பிட்டுப் பசியாறினோம். அதன் பிறகுதான் அம்மா வாய் திறந்து பேசினார்.

எல்லாரும் நேரே கரையோரப் பூந்தோட்டத்துக்கு, அதாவது கார்டன்ஸ் பை தி பே-க்குத்தான் போவார்கள். நாங்கள் காலையில் பழைய தாவரவியல் பூங்காவுக்குப் போனோம். 1859-இல் தொடங்கியது, 2015-இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது. உள்ளே போக ஒரு காசு வேண்டாம். ஓர்க்கிட் தோட்டத்துக்கு மட்டும்தான் டிக்கெட். காலை ஐந்து மணிக்கே திறந்துவிடுகிறார்கள். வெயில் ஏறுவதற்குள் புல்வெளியைச் சுற்றினால் முழங்காலுக்கும் நல்லது. சிங்கப்பூரின் ஐந்து வெள்ளி நோட்டில் இருக்கும் தெம்புசு மரத்தை என் மகன் கண்டுபிடித்து, நோட்டை நீட்டிக் கிளையோடு கிளை ஒப்பிட்டுக்கொண்டிருந்தான்.

ஆனால் நான் அங்கே போனதற்குக் காரணம் வேறு. ரப்பர் மரம் நம் நாட்டுக்குள் வந்த வழியே அந்தத் தோட்டம்தான். 1876-இல் விக்கம் என்ற ஆங்கிலேயர் பிரேசிலிலிருந்து சுமார் 70,000 விதைகளை லண்டன் கியூ தோட்டத்துக்குக் கொண்டுபோனார். அவற்றிலிருந்து முளைத்ததில் 22 கன்றுகள் 1877-இல் சிங்கப்பூருக்கு வந்தன. அதில் ஒன்பது பேராக்கில் இருக்கும் கோலகங்சாருக்குப் போயின. கன்று வந்ததோடு தோட்டம் பெருகிவிடவில்லை. மரத்தைச் சாகடிக்காமல் தினமும் பால் எடுப்பது எப்படி என்று யாருக்கும் சரியாகத் தெரியவில்லை. 1888-இல் அந்தப் பூங்காவின் பொறுப்பை ஏற்ற ஹென்றி ரிட்லிதான் அதைச் செய்து காட்டினார். பழைய வெட்டின் ஓரத்தை மெல்லியதாகச் சீவி, பட்டைக்கு உள்ளே இருக்கும் மரத்தைத் தொடாமல், அதே காயத்தைத் திரும்பத் திரும்பத் திறப்பது அவர் வழி. தோட்ட முதலாளிகள் காப்பிப் பயிரைக் கைவிட மனசில்லாமல் இருந்த காலத்தில், பார்க்கிறவர்கள் கையிலெல்லாம் ரப்பர் விதையைத் திணிப்பாராம். பைத்தியக்கார ரிட்லி என்று பெயர் வாங்கியவர், நூறு வயது வாழ்ந்து 1956-இல் இறந்தார்.

பூங்காவுக்குள் பாரம்பரிய அருங்காட்சியகம் ஒன்று இருக்கிறது. குளிர்சாதனம் உண்டு, உட்காரலாம். ரிட்லியைப் பற்றியும் ரப்பரைப் பற்றியும் அங்கே வைத்திருக்கிறார்கள். மீன்முள் மாதிரி, நடுவே ஒரு நேர்க்கோடும் இரண்டு பக்கமும் சாய்வான வெட்டுகளும் இருந்த படத்தை அம்மா ரொம்ப நேரம் பார்த்தார்.

"இத்தனை வெட்டா? மரம் தாங்காதுடி. நாங்க ஒரே கோடுதான் போடுவோம், பாதி மரத்துக்கு."

சொல்லிவிட்டுக் காற்றிலேயே கையை இடது மேலிருந்து வலது கீழாக இழுத்துக் காட்டினார். உளி பிடிக்கிற பிடி அப்படியே இருந்தது. கட்டை விரல் எங்கே நிற்க வேண்டும், பட்டை எவ்வளவு கனத்தில் சுருண்டு விழ வேண்டும் என்று என் மகளுக்குச் சொல்லிக்கொடுத்தார். ஆழம் போனால் மரத்தில் புண் விழும், மேற்பார்வை பார்க்கும் மண்டோர் வந்து பார்த்தால் பேர் கெடும் என்றார். பக்கத்தில் நின்ற ஒரு சீன அம்மையாரும் அவர் பேரப்பிள்ளையும் பார்த்துக்கொண்டே இருந்தார்கள். மொழி தெரியாவிட்டாலும் அந்தக் குழந்தை அம்மாவின் கையைப் பார்த்து அதே மாதிரி இழுத்துப் பழகியது. பதினைந்து வருடம் அம்மாவோடு ஒரே கூரைக்குக் கீழ் இருந்த என் மகள், பாட்டி என்ன வேலை செய்தார் என்பதை அன்றைக்குத்தான் முதன்முதலாகத் தெரிந்துகொண்டாள். தோட்டத்துப் பிள்ளைகள் யாரும் இந்த இடத்தைத் தவறவிடக் கூடாது. உங்கள் வீட்டில் பால் வெட்டியவர் இருந்தால், அவர் நடக்க முடிகிற காலத்திலேயே கூட்டிக்கொண்டு போங்கள்.

மதியத்துக்கு மேல் கரையோரப் பூந்தோட்டம். 2012-இல் திறந்தது. வெளித்தோட்டம் இலவசம், கண்ணாடிக் கூடங்களுக்கு டிக்கெட். வெளிநாட்டவருக்கு விலை அதிகம். நம் பணத்துக்கு மூன்றுக்கு மேல் பெருக்க வேண்டும் என்பதால் முன்கூட்டியே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். நடக்க முடியாதவர்களுக்குச் சில வெள்ளியில் ஷட்டில் வண்டி ஓடுகிறது, அதை எடுத்தோம்.

பூக்கூடம் உலகிலேயே பெரிய கண்ணாடித் தாவரக்கூடம் என்று கின்னஸில் பதிவானது. உள்ளே 23 முதல் 25 டிகிரி வரைதான். சால்வை இல்லாமல் பெரியவர்களை அழைத்துப் போகாதீர்கள். நாங்கள் போன சமயம் துலிப் வைத்திருந்தார்கள். தொழில்காரக் கண்ணோடு சொல்கிறேன், அத்தனை ஆயிரம் பூவில் வாடின இதழ் ஒன்றைத் தேடி எடுக்க முடியவில்லை. ஒரு பணியாளர் பக்கெட்டோடு குனிந்து குனிந்து சாய்ந்த தலையைக் கிள்ளிக்கொண்டே போனார். கடையில் நானும் அதைத்தான் செய்கிறேன், அதனால் அந்த இடுப்பு வலி எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். குளிர் படாமல் துலிப் கிழங்கு ஒழுங்காகப் பூக்காது. நம் வெக்கையில் அதைப் பூக்க வைத்துக் காட்டுவது பெரிய வேலை.

ஆனால் மணம் இல்லை. கண் நிறைந்தது, மூக்கு காலியாகவே இருந்தது. அம்மா ஒரு சிவப்புத் துலிப்பைக் காட்டி, "இதைச் சரத்துல வச்சா ஒரு மணி நேரத்துல வாய் பிளந்துரும்" என்றார். உண்மைதான். தண்டோடு நின்று பார்க்க வேண்டிய பூ, தொடுக்கிற பூ இல்லை. எனக்கு அந்தக் கூடத்தில் பிடித்தது ஆயிரம் வருட வயது என்று சொல்லும் ஆலிவ் மரங்கள்தான். பட்டை முறுக்கிக்கொண்டு, கோயில் தூண் மாதிரி நிற்கின்றன. அங்கே கூட்டமும் குறைவு.

ஒரே கூடத்துக்குத்தான் காசு இருக்கிறது என்றால், நான் மேகக்காடு என்ற இன்னொரு கண்ணாடிக் கூடத்தைச் சொல்வேன். நுழைந்த உடனே 35 மீட்டர் அருவி முகத்தில் சாரல் அடிக்கும். மின்தூக்கியில் உச்சிக்குப் போய், சரிவுப் பாதையில் மெல்ல இறங்கி வரலாம். முழங்கால்காரர்களுக்கு இதைவிட நல்ல அமைப்பு கிடையாது. குடுவைச் செடி இருக்கும் இடத்தில் அம்மா நின்றுவிட்டார். "பெரியோக் கெரா! நம்ம காட்டோரத்துல கிடக்குமே, இதுக்கா டிக்கெட்டு?" என்றார். இதில் அரிசி வைத்து வேகவைக்கிற மலாய்க்காரப் பலகாரத்தையும் சொன்னார். அண்ணி அதையும் படம் எடுத்துக்கொண்டார்.

வெளியே இந்தியத் தோட்டம், மலாய்த் தோட்டம், சீனத் தோட்டம், காலனித் தோட்டம் என்று நான்கு இருக்கின்றன. பெரும்பாலோர் அவசரமாகத் தாண்டிப் போகிறார்கள். இந்தியத் தோட்டத்தின் அமைப்பே கோலத்தை ஒட்டியது. நேரம் இருந்தால் நின்று பாருங்கள்.

சாயங்காலம் சூப்பர்ட்ரீ தோப்புக்கு, அதாவது மரம் மாதிரி கட்டி நிறுத்திய கோபுரங்கள் இருக்கும் இடத்துக்கு வந்தோம். மொத்தம் பதினெட்டு, அதில் பன்னிரண்டு இங்கே. 25 மீட்டரிலிருந்து 50 மீட்டர் வரை உயரம். உள்ளே கான்கிரீட், வெளியே இரும்புச் சட்டம், அதில் பேனல் பேனலாகச் செடி. பெரணி, ஓர்க்கிட், பிரோமிலியாட், கொடி என்று இருநூறுக்கு மேற்பட்ட வகைகள். அண்ணாந்து பார்த்த அம்மா சொன்னார்:

"இரும்புக்கு மாலை கட்டி விட்டிருக்காங்க."

அதைவிடச் சரியாக அந்த மரங்களை யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. நாங்கள் வாழை நாரில் கட்டுகிறோம், அவர்கள் சட்டத்தில் கட்டியிருக்கிறார்கள். வித்தியாசம், அவர்களுடையது வளர்கிறது. சில மரங்களின் உச்சியில் சூரிய மின்தகடுகள் இருக்கின்றன. சில மரங்கள் கண்ணாடிக் கூடங்களின் சூட்டுக்காற்றை வெளியேற்றும் புகைபோக்கியும்கூட. மகளும் அண்ணியும் 22 மீட்டர் உயரத்துத் தொங்கு நடைபாதைக்கு டிக்கெட் வாங்கிப் போனார்கள். மேலேயிருந்து கடல் தெரிந்ததாம். கீழே இருக்கிறவர்களுக்கு ஒன்றும் குறையவில்லை.

விளக்குக் காட்சி இரவு 7.45-க்கும் 8.45-க்கும், ஒவ்வொன்றும் சுமார் கால் மணி நேரம், முழுக்க இலவசம். ஏழு மணிக்கே போய் நடுவில் இடம் பிடியுங்கள். பாய் ஒன்று கொண்டுபோங்கள், படுத்துப் பார்த்தால்தான் கழுத்து வலிக்காது. நாங்கள் பாசார் மாலாமில், அதாவது இரவுச் சந்தையில் வாங்கிய பிளாஸ்டிக் பாயை விரித்து ஏழு பேரும் வரிசையாகப் படுத்தோம். இருட்டியதும் பாட்டு தொடங்கியது. தண்டின் அடியிலிருந்து ஊதா ஏறி, கிளையெல்லாம் பச்சையாகி, ஒரு மரம் அணைய அடுத்தது எரிந்து, தோப்பு முழுக்க ஒளி ஓடியது. என் மகன் கை தட்டிக்கொண்டே இருந்தான். பெட்டி பெட்டியாகப் பூவைப் பார்த்துப் பழகிய எனக்கே கண்ணில் நீர் வந்துவிட்டது.

அம்மா என்ன நினைக்கிறார் என்று திரும்பிப் பார்த்தேன். அவர் விளக்கைப் பார்க்கவில்லை, விளக்கைச் சுற்றிப் பறக்கும் பூச்சியைத் தேடிக்கொண்டிருந்தார். பால் வெட்ட நெற்றி விளக்கோடு ரப்பர் மர நிரைக்குள் போகும்போது பூச்சி வந்து முகத்தில் மோதுமாம். வாயைத் திறந்தால் உள்ளே போய்விடுமாம். "அப்போ ஒருத்தரை ஒருத்தர் அந்த வெளிச்சத்துலதான் கண்டுபிடிப்போம். தூரத்துல ஒரு பொட்டு அசைஞ்சா, அது ராசம்மா நிரைன்னு தெரியும்" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "இதுங்க எப்போ தூங்கும்?" என்று மரங்களைக் காட்டிக் கேட்டார். விடியுமுன் குளிர்ச்சியில்தான் பால் நன்றாக ஓடும் என்பதற்காக மூன்று மணிக்கு எழுந்தவர் அவர். மரத்தின் தூக்க நேரம் அவருக்கு முக்கியம்.

முதல் காட்சி முடிந்ததும் கிளம்பிவிடுங்கள். இரண்டாவதையும் பார்க்கலாம் என்று பிள்ளைகள் கெஞ்சுவார்கள். பெரியவர்கள் கூட இருந்தால் வேண்டாம். பாலத்தில் வண்டி ஊர்ந்துதான் போனது, ஜோகூர் பாரு தாண்டியபோது பத்தே முக்கால். குளுவாங் வந்து சேரும்போது நடுநிசி கடந்துவிட்டது.

செப்டம்பர் வாக்கில் வரும் நிலாத் திருவிழாவுக்கு அங்கே பெரிய பெரிய விளக்குப் பொம்மைகள் வைப்பார்கள். அதற்கும் அதே வேன்காரரிடம் சொல்லி வைத்திருக்கிறேன். அம்மாவிடம் கேட்டேன். வருகிறேன், ஆனால் காலையில் முதலில் அந்த ரிட்லி இருக்கிற இடத்துக்குப் போகணும் என்றார். ராசம்மா அத்தையையும் கூட்டிக்கொண்டு வர வேண்டுமாம். அவர் இப்போது லாபிஸில் மகன் வீட்டில் இருக்கிறார். எங்கள் எட்டுப் பேருக்கும் இடம் உள்ள வேனாகப் பேச வேண்டும்.