நார்த் டக்கோட்டாவுக்கு வாத்து வேட்டைக்குப் போகிறவர்கள் அட்வான்ஸ் கட்டும் முன் படியுங்கள்

மினசோட்டாவில் இருந்து நார்த் டக்கோட்டாவுக்கு வாத்து வேட்டைக்குக் கிளம்பும் நண்பர்களுக்காக இதை எழுதுகிறேன். கைடு ஒருவர் எங்களிடம் அட்வான்ஸ் வாங்கிக்கொண்டு, வெளிமாநிலத்தவர் வேட்டையாடக்கூடாத நிலத்தில், கூடாத வாரத்தில் எங்களை இறக்கிவிடப் பார்த்தார். பணம் போனதைவிட இதுதான் எனக்கு ஆத்திரம்.

அங்கே உள்ளூர்க்காரருக்கு ஒரு விதி, நமக்கு ஒரு விதி. செப்டம்பர் கடைசியில் அவர்களுக்கு வாத்து சீசன் தொடங்கி ஒரு வாரம் கழித்துத்தான் நமக்குத் தொடங்கும். அவர்கள் சீசன் முழுக்கச் சுடலாம். நமக்கு வருடத்துக்கு ஒரே லைசென்ஸ். அதில் தொடர்ந்து 14 நாள், அல்லது ஏழேழு நாளாக இரண்டு தவணை. எந்த நாட்கள் என்பதை வாங்கும்போதே சொல்லிவிட வேண்டும். இதற்கெல்லாம் மேலே இன்னொன்று உண்டு. அக்டோபரில் ஃபெசன்ட் (காட்டுக்கோழி போன்ற வேட்டைப் பறவை) சீசன் திறக்கும் முதல் ஏழு நாட்கள், மாநில அரசின் வனவிலங்கு நிலங்களிலும் 'ப்ளாட்ஸ்' நிலங்களிலும் வெளிமாநிலத்தவர் வேட்டையாடவே கூடாது. வாத்துக்கும் இதே தடைதான். ப்ளாட்ஸில் சேராத தனியார் நிலத்தில், உரிமையாளர் சம்மதத்தோடு, அந்த வாரமும் சுடலாம்.

ப்ளாட்ஸ் என்பது விவசாயிக்கு அரசு பணம் கொடுத்து, பொதுமக்கள் நடந்துபோய் வேட்டையாடத் திறந்துவிட்ட தனியார் நிலம். தலைகீழான மஞ்சள் முக்கோணப் பலகை நட்டிருப்பார்கள். யாருக்கும் கட்டணம் கிடையாது.

எங்கள் கைடு விற்றது இந்த நிலத்தைத்தான். டெவில்ஸ் லேக் பக்கம் தனக்கென்று குத்தகை நிலம் இருப்பதாகவும், குட்டைகள் முழுக்க மல்லார்ட் வாத்து என்றும் சொன்னார். தேதியையும் அவரே குறித்துக் கொடுத்தார். அது சரியாக ஃபெசன்ட் திறக்கும் வாரம். "அந்த வாரத் தடை உங்கள் நிலத்துக்கு வருமா?" என்று முன்கூட்டியே கேட்டோம். "என் சொந்தக் குத்தகை, வராது" என்று எழுத்திலேயே பதில் அனுப்பினார். அவர் சொன்ன தேதிக்கே லைசென்ஸும் எடுத்தோம்.

விடிவதற்கு முன் வண்டியை நிறுத்தி, வாத்துகளை ஈர்க்க வைக்கும் பொம்மை வாத்து மூட்டைகளை இறக்கும்போது ஹெட்லைட் வெளிச்சத்தில் வேலியோரம் அந்த மஞ்சள் முக்கோணம் தெரிந்தது. கேட்டால், "வார்டன் (வேட்டை விதிகளைக் கண்காணிக்கும் அதிகாரி) இந்தப் பக்கம் வரமாட்டார். வந்தாலும் உள்ளூர்ப் பையன் ஒருவன் கூட இருக்கிறான், வாத்தெல்லாம் அவன் கணக்கு" என்றார். அந்த இடத்திலேயே மூட்டையைத் திரும்ப ஏற்றினோம்.

இது சின்ன விஷயம் இல்லை. நாம் சுட்ட வாத்தை இன்னொருவர் கணக்கில் காட்டுவது தனிக் குற்றம். சட்டவிரோதமாகச் சுட்டதை மாநில எல்லை தாண்டிக் கொண்டுவந்தால் 1900இல் வந்த லேசி சட்டம் பாயும். அங்கே வேட்டை உரிமையை முடக்கினால் மாநிலங்களுக்கு இடையிலான ஒப்பந்தப்படி மினசோட்டாவிலும் முடங்கும். எங்களோடு வந்தவர்களில் ஒருவர் எச்-1பி விசாக்காரர். அந்த விசாவில் இருப்பவர் துப்பாக்கியைத் தொடுவதே மத்தியச் சட்டப்படி குற்றம். செல்லுபடியாகும் வேட்டை லைசென்ஸ் இருந்தால்தான் விதிவிலக்கு. "லைசென்ஸ் அப்புறம் பார்த்துக்கலாம்" என்று எந்த கைடாவது சொன்னால், விசாவில் இருப்பவர்கள் அந்தப் பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ளுங்கள்.

வெளியூர்க்காரருக்கு இப்படி வரம்பு வைப்பது நியாயமா என்று நம் பக்கம் எப்போதும் வாக்குவாதம் நடக்கும். மினசோட்டா 2004இல் நார்த் டக்கோட்டா மேல் வழக்கே போட்டது. 2005இல் அமெரிக்க நாடாளுமன்றம், மாநிலங்கள் இப்படி வித்தியாசம் காட்டலாம் என்று சட்டம் போட்டது. 2006இல் மேல்முறையீட்டு நீதிமன்றத்திலும் மினசோட்டா தோற்றது. என்னைக் கேட்டால், அங்கேயே வாழ்கிறவர்களுக்கு முதல் வாரத்தை விட்டுக்கொடுப்பதில் தவறில்லை. அந்த விதி நமக்குச் சரியாகத் தெரியாது என்ற நம்பிக்கையில் நம்மிடம் காசு பார்ப்பதுதான் அநியாயம்.

திரும்பி வந்ததும் மாநில வேட்டை, மீன்வளத் துறைக்கு போன் செய்தோம். அங்கே பணம் வாங்கி வேட்டைக்கு அழைத்துப் போகிறவர் துறையின் லைசென்ஸ் வைத்திருக்க வேண்டும். இவர் பெயரில் எதுவும் இல்லை. அட்வான்ஸ் கட்டும் முன் இந்த ஒரு போனைப் போட்டுவிடுங்கள். நிலம் எங்கே என்று துல்லியமான இடத்தைக் கேட்டு வாங்கி, துறை வெளியிடும் ப்ளாட்ஸ் வரைபடத்தில் வைத்துப் பாருங்கள். இடத்தைச் சொல்ல மறுத்தால் பணம் கொடுக்காதீர்கள். தனியார் நிலத்தில் 'வேட்டையாடக் கூடாது' என்ற பலகை இல்லாததை மட்டும் நம்பவும் முடியாது. 2021 முதல் நில உரிமையாளர்கள் பலகை நடாமல் இணையத்திலேயே தடை பதிவு செய்யலாம்.

அட்வான்ஸ் இன்னும் வரவில்லை. "நீங்களாகத்தான் கிளம்பினீர்கள்" என்பது அவர் பதில். லைசென்ஸில் ஒரு வாரமும் வீணாகிவிட்டது. அவர் எழுதி அனுப்பிய பதிலையும், மஞ்சள் பலகையோடு எடுத்த படத்தையும் சேர்த்துத் துறையிடம் புகார் கொடுத்திருக்கிறோம்.