அசையாமல் நின்ற 35 கட்டங்கள்

தேவகோட்டையிலிருந்து தம்பி முறைப் பங்காளி ஒருவர் போன வாரம் கேட்டார்: “மறுசீரமைப்பில் இருக்கும் கம்பெனியை மதிப்பிட நீங்கள் வைத்திருக்கும் உணர்திறன் அட்டவணையை எனக்கும் அனுப்புவீர்களா, அண்ணே?” இரண்டு அனுமானங்களை மாற்றி மாற்றிப் போட்டால் பங்கின் மதிப்பு எப்படி மாறும் என்று கட்டம் கட்டமாகக் காட்டுவதுதான் அந்த அட்டவணை. அனுப்ப எனக்கு மனம் வரவில்லை.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். 2024 ஆகஸ்டில் இன்டெல் 15 சதவீதத்துக்கு மேல் ஆட்குறைப்பு அறிவித்தது. 2025-இல் 1000 கோடி டாலர் செலவு குறையும் என்றது. அந்தச் செய்தியை வைத்துத்தான் இந்தக் கோப்பைத் தொடங்கினேன். வழக்கமாக, வருங்காலப் பணத்தை இன்றைய மதிப்புக்குக் குறைக்கும் தள்ளுபடி விகிதத்தையும், கணிப்புக் காலத்துக்குப் பிறகும் ஆண்டுதோறும் தொடரும் நிரந்தர வளர்ச்சியையும்தான் குறுக்கும் நெடுக்குமாக வைப்பார்கள். தள்ளுபடி 10 சதவீதமாக இருக்க, வளர்ச்சியை 3-லிருந்து 4 ஆக்கினாலே, கணிப்புக் காலத்துக்குப் பிந்தைய வரவுகளின் இறுதி மதிப்பு சுமார் 18 சதவீதம் ஏறிவிடும். ஆட்களை அனுப்பும் கம்பெனியில் எனக்குத் தெரிய வேண்டியது வேறு. சொன்ன சேமிப்பில் எவ்வளவு கைக்கு வரும், எத்தனை காலாண்டு தள்ளி வரும்? இந்த இரண்டையும் வைத்து ஏழுக்கு ஐந்தாக அட்டவணையை மாற்றினேன். எங்கள் ஐயா ஐந்தொகை எடுக்கும்போது வாராக்கடனைத்தான் முதலில் தனியே எழுதுவார். அந்தப் பழக்கத்துக்கு இந்த அட்டவணை அப்படியே பொருந்தியது.

என் ஆத்திரமெல்லாம் எக்செல் மென்பொருளின் மீதுதான். ‘அட்டவணைகள் நீங்கலாக மற்றவற்றைத் தானாகக் கணக்கிடு’ என்று அதில் ஓர் அமைப்பு உண்டு. அந்த அமைப்போடு சேமித்த வேறொரு கோப்பை முதலில் திறந்துவிட்டால், அடுத்துத் திறக்கும் என் கோப்பும் அதற்கே கட்டுப்படும். ஒரு நாள், நான் பங்கு வைத்திருந்த வேறொரு கம்பெனியை இதே அட்டவணையில் போட்டு, ஆட்களை அனுப்பும்போது கொடுக்க வேண்டிய ஆள்நீக்கச் செலவைக் கூட்டினேன். மேலே பங்கின் மதிப்பு இறங்கியது. கீழே 35 கட்டங்களும் அசையவில்லை. ஓர் எச்சரிக்கைகூட இல்லை. கட்டங்களில் இருந்த பழைய எண்களை நம்பி, அந்தப் பங்கை மேலும் வாங்கினேன். மறுநாள் எஃப்9 விசையைத் தட்டியபோது பாதிக் கட்டங்கள் நான் கொடுத்த விலைக்குக் கீழே போய்விட்டன. அன்றிரவு சாப்பாடு இறங்கவில்லை.

அடிப்படைக் கட்டமும் மேலே உள்ள மதிப்பும் ஒத்துப்போகாவிட்டால் சிவப்பாகும் ஒரு வரியை இப்போது நானே சேர்த்திருக்கிறேன். அதன் பிறகு தவறு நேரவில்லை. மறுசீரமைப்பை மதிப்பிட இதைவிட நல்ல முறை எனக்குத் தெரியாது. ஆனாலும் கோப்பை அனுப்பப் போவதில்லை. ஞாயிற்றுக்கிழமை காரைக்குடிக்கு வரச் சொல்லியிருக்கிறேன். தாளில் பென்சிலால் ஒன்பது கட்டம் போட்டுச் சொல்லித்தருவேன். கால்குலேட்டர் மட்டும் அவர் கொண்டுவர வேண்டும்.