இரண்டாவது மலை எது? உயரத்துக்கும் புடைப்புக்கும் நடக்கும் வழக்கு

வியாசர்பாடியில் மாலை வேளைகளில் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லித் தருகிறேன். சென்ற வாரம் வினாடி வினாப் போட்டிக்குப் படித்துக்கொண்டிருந்த எட்டாம் வகுப்பு மாணவி புத்தகத்திலிருந்து தலையைத் தூக்கினாள். "உலகின் நான்காவது உயரமான மலை லோட்சே என்று போட்டிருக்கிறது சார். படத்தில் பார்த்தால் எவரெஸ்ட்டின் தோள் மாதிரி ஒட்டிக்கொண்டிருக்கிறது. அது எப்படித் தனி மலை?"

அவள் கேட்டது சரியான கேள்வி. மலைகளை வரிசைப்படுத்த இரண்டு பெரிய அளவுகோல்கள் உண்டு. ஒன்று, நாம் எல்லோரும் மனப்பாடம் செய்த கடல்மட்ட உயரம். மற்றொன்று புடைப்பு. இந்த இரண்டாவதை விளக்க வடசென்னைக்காரருக்கு மலையே தேவையில்லை, வெள்ளம் போதும்.

எங்கள் தெருவின் ஒரு கோடியில் பிள்ளையார் கோயில் மேடு இருக்கிறது. மறுகோடியில் அதைவிடச் சற்று உயரமான மேட்டில் எங்கள் வீடு. நடுவில் தெரு இறங்கி ஏறும். 2015 டிசம்பர் மழையில் முதலில் பக்கத்துச் சந்துகள் முழுகின. தெரு மட்டும் வரப்பு மாதிரி நின்றது, கால் நனையாமல் கோயிலுக்குப் போய்வந்தோம். மதியத்துக்கு மேல் தெருவின் தாழ்ந்த இடத்தையும் தண்ணீர் மூடியது. கோயில் மேடு எங்களிடமிருந்து பிரிந்து தீவானது. சரியாக அந்த நேரத்தில் கோயில் தரை தண்ணீருக்கு மேல் எவ்வளவு நின்றதோ, அதுதான் அந்த மேட்டின் புடைப்பு. தன்னைவிட உயர்ந்த அண்டை மேட்டுக்குப் போக, குறைந்தபட்சம் எவ்வளவு கீழே இறங்கியே ஆக வேண்டும் என்பதே கணக்கு.

இதே தண்ணீரை இமயத்தில் ஏற்றிப் பாருங்கள். லோட்சேயின் உயரம் 8516 மீட்டர். ஆனால் எவரெஸ்ட்டுக்கும் அதற்கும் இடையிலுள்ள தெற்குக் கணவாயே சுமார் 7900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. லோட்சேக்குச் சொந்தமாக மிஞ்சுவது சுமார் 610 மீட்டர்தான். மாணவியின் கண் சரியாகவே பார்த்திருக்கிறது.

கே2-வின் கதை இன்னும் சுவையானது. 8611 மீட்டரில் உயரப் பட்டியலின் இரண்டாமிடம் அதனுடையது. அது எவரெஸ்ட்டிலிருந்து பிரியும் தாழ்ந்த இடம் கே2-வின் அருகில் எங்குமே இல்லை. ஏறத்தாழ ஆயிரம் கிலோமீட்டர் தள்ளி, நேபாளத்தின் முஸ்தாங் பகுதியில், திபெத் எல்லையில் உள்ள கோரா லா கணவாய்தான் அது. அதன் உயரமே சுமார் 4600 மீட்டர். ஆகவே கே2-வின் புடைப்பு ஏறத்தாழ 4020 மீட்டர், உலக வரிசையில் 22-ஆம் இடம். உயரத்தில் ஒன்பதாவதான நங்க பர்வதமோ 4608 மீட்டர் புடைப்போடு 14-ஆம் இடத்தில் நிற்கிறது. புடைப்பு வரிசையில் எவரெஸ்ட்டுக்கு அடுத்த இடம் தென் அமெரிக்காவின் அகோன்காகுவாவுக்கு. சுமார் 6960 மீட்டர் உயரமுள்ள அதற்கும் ஆசியாவுக்கும் நடுவே கடலே கிடப்பதால், உயரம் முழுவதும் அதன் சொந்தம். அடுத்து அலாஸ்காவின் தெனாலி, அதற்கடுத்து கிளிமஞ்சாரோ. இந்தப் பட்டியலில் கண்டங்கள் எல்லாம் தலைகாட்டுகின்றன. உயரப் பட்டியலின் முதல் நூறும் ஆசியாவுக்குள்ளேயே அடங்கிவிடும்.

புடைப்புக்கும் குறைகள் உண்டு, மறைக்க மாட்டேன். எவரெஸ்ட்டைவிட உயர்ந்த அண்டை கிடையாது. அதனால் அதன் முழு உயரத்தையே புடைப்பாக வைத்துக்கொள்வது என்பது நாமாக வகுத்த ஏற்பாடு. மலை ஏறுபவரின் மூச்சுக்கும் புடைப்பு தெரியாது. 8000 மீட்டரில் கிடைக்கும் ஆக்சிஜன் கடலோரத்தில் கிடைப்பதில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான். லோட்சேயில் திணறுபவரிடம் போய், "இது வெறும் 610 மீட்டர் மலை" என்று சொன்னால் அது அநியாயம். உடல் படும் பாட்டைக் கேட்டால் உயரமே சரியான அளவு.

ஆனாலும் என் தீர்ப்பு புடைப்பின் பக்கம்தான். எது தனி மலை, எது இன்னொரு மலையின் முகடு என்று முடிவு செய்யாமல் உயரப் பட்டியலைத் தொடங்கவே முடியாது. 1994-இல் சர்வதேச மலையேற்றக் கூட்டமைப்பு ஆல்ப்ஸில் 4000 மீட்டருக்கு மேற்பட்ட 82 சிகரங்களைப் பட்டியலிட்டபோது, பக்கத்துத் தாழ்விலிருந்து 30 மீட்டராவது எழும்ப வேண்டும் என்ற விதியைத்தான் முதன்மையாகக் கையில் எடுத்தது. உயரப் பட்டியலே புடைப்பிடம் கடன் வாங்கித்தான் நிற்கிறது.

நம் பக்கத்து மலைகளையும் பார்த்துவிடலாம். ஆனைமுடி 2695 மீட்டர். அதைவிட உயர்ந்த மலைக்கு இமயம் வரை போக வேண்டும். புடைப்பு சுமார் 2480. தொட்டபெட்டா 2637 மீட்டர். பாலக்காட்டுக் கணவாய் அதை ஆனைமுடியிலிருந்து பிரித்துவிடுவதால், 2250 மீட்டர் அளவுக்குப் புடைப்பு கிடைக்கிறது. அதே நீலகிரியில் இருக்கும் கொலாரிபெட்டா, தொட்டபெட்டாவைவிடச் சில மீட்டர்தான் குள்ளம். ஊட்டிப் பீடபூமியே 2200 மீட்டருக்கு மேல் இருப்பதால் அதன் புடைப்பு சில நூறு மீட்டரோடு முடிந்துவிடுகிறது. அகத்தியமலை வெறும் 1868 மீட்டர். ஆனால் செங்கோட்டைப் பக்கத்துக் கணவாய் அதை வடக்கிலிருந்து அறுத்துவிடுவதால் ஆயிரம் மீட்டருக்கு மேல் தன் காலில் நிற்கிறது. தெற்கத்திக்காரர்கள் அதைத் தனிப் பெருமலையாகக் கொண்டாடுவதில் நியாயம் இருக்கிறது.

வேறு அளவுகோல்களும் உண்டு. பூமியின் மையத்திலிருந்து அளந்தால் ஈக்வடாரின் சிம்போராசோ எவரெஸ்ட்டை முந்தும். கடலடியிலிருந்து அளந்தால் ஹவாயின் மௌனா கியா பத்தாயிரம் மீட்டரைத் தாண்டும். இரண்டும் வினாடி வினாவுக்கு நல்லவை, மலைகளை வரிசைப்படுத்த உதவாதவை.

எல்லாம் கேட்டுவிட்டு மாணவி கேட்டாள்: "நம்ம ஊரில் இதை எங்கே பார்க்கலாம் சார்?" பரங்கிமலை என்றேன். 1802 ஏப்ரலில் பிரிட்டிஷ் நில அளவையாளர் லாம்டன் இந்தியாவை அளக்க, மற்ற அளவுகளுக்கெல்லாம் ஆதாரமான முதல் கோட்டை அளந்தது அதன் அடிவாரத்திலிருந்துதான். ஏறக்குறைய 300 அடி உயரம், அதில் பெரும்பங்கு அதன் சொந்தம். மேலிருந்து பார்த்தால் பல்லாவரம் குன்றுகளும், நடுவில் விமான நிலையத்தின் சமதரையும் தெரியும். தண்ணீர் எந்த வழியாக வந்து இரண்டையும் பிரிக்கும் என்று அவளே சொல்ல வேண்டும். ஞாயிற்றுக்கிழமை பீச் ஸ்டேஷனில் தாம்பரம் வண்டி பிடிக்கிறோம்.